மாலை 5 மணிப் பசி: எடை குறைப்புக் கணக்கு உடையும் இடம்

எடை குறைக்கத் தொடங்கியவர்கள் எழுதி வரும் சாப்பாட்டு நோட்டைப் புரட்டினால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். காலைக்கும் மதியத்துக்கும் எதிரே எல்லாம் சரியாக எழுதப்பட்டிருக்கும்: 2 இட்லி, ஒரு கப் சாதம், பொரியல். மாலை 4 மணிக்கு மேல் அளவு மறைந்து ‘கொஞ்சம்’ என்ற சொல் வந்துவிடும். கொஞ்சம் மிக்சர், கொஞ்சம் கடலை. இரவு 9 மணிக்கு மேல் நோட்டையே தொட்டிருக்க மாட்டார்கள். இதைப் பார்க்கும் பலரும் “மாலையில் மட்டும் வாயைக் கட்டினால் போதும்” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வாயைக் கட்டும் வேலை காலையிலேயே அளவுக்கு மீறி நடந்துவிட்டதால்தான் மாலையில் கட்டு அவிழ்கிறது என்பது கணக்குப் போட்டால் விளங்கும்.

ஒரு கணக்கு போடுவோம். வயது 40, உயரம் 155 செ.மீ., எடை 68 கிலோ, உட்கார்ந்த இடத்து வேலை பார்க்கும் பெண். இருக்கும் எடை ஏறாமல் இறங்காமல் நிற்க இவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,800 கலோரி தேவை. காலையில் ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு காபி 80 கலோரி. 2 இட்லியும் தேங்காய்ச் சட்னியும் 190. மதியம் ஒரு கப் சாதம், சாம்பார், பொரியல் எல்லாம் சேர்ந்து 330. ஆக, மாலை 4 மணி வரை 600 கலோரிதான் உள்ளே போயிருக்கிறது. அதில் புரதம் 20 கிராமைத் தாண்டாது. டயட் அருமையாகப் போகிறது என்று அவருக்கும் தோன்றும்.

பிறகு, அலுவலக வாசலில் ஒரு டீ, 2 மசால் வடை: 340. வீட்டுக்கு வந்து இரவுச் சமையலுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டே டப்பாவிலிருந்து இரண்டு மூன்று தடவை அள்ளிய மிக்சர் 60 கிராம்: 320. இரவில் எண்ணெய் விட்டுச் சுட்ட 3 சப்பாத்தி, குருமா: 520. படுக்கப் போகும் முன் டிவி பார்த்தபடி 4 மேரி பிஸ்கட்: 100. மாலை 4 மணிக்குப் பிறகு மட்டும் 1,280. மொத்தம் 1,880. பாதி நாள் பட்டினி கிடந்தும் எடை மெல்ல ஏறும். “நான் ஒண்ணுமே சாப்பிடறதில்ல, ஆனா வெயிட் குறைய மாட்டேங்குது” என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. பசியோடு கழிந்த நேரம் நினைவில் நிற்கிறது. நின்றபடி அள்ளிப் போட்டது நிற்பதில்லை.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019–21இல் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் வரம்பில் இருந்தார்கள். ஆண்களில் 37 பேர். அந்தக் கணக்கெடுப்பு பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 25 என்ற கோட்டை வைத்து எடுத்தது. இந்தியர்களுக்கு 23லேயே கோடு போட வேண்டும் என்பது மருத்துவர்களின் நிலைப்பாடு. அப்படிப் போட்டால் எண்ணிக்கை இன்னும் கூடும்.

மாலையில் மட்டும் ஏன்?

முதல் காரணம் உடலுக்குள்ளேயே ஓடும் கடிகாரம். அமெரிக்காவில் ஃபிராங்க் ஷீர் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில் 12 பேரை வெளிச்சமும் நேரமும் தெரியாத ஆய்வுக்கூடத்தில் பல நாள் தங்க வைத்து, தூக்கத்தையும் சாப்பாட்டையும் நாளின் எல்லாப் பொழுதுகளுக்கும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். எப்போது சாப்பிட்டார்கள், எப்போது தூங்கினார்கள் என்பதைத் தள்ளிவிட்டுப் பார்த்தபோதும் பசி காலை 8 மணியை ஒட்டி மிகக் குறைவாகவும் இரவு 8 மணியை ஒட்டி உச்சத்திலும் இருந்தது. இனிப்பு, உப்பு, மாவுப் பண்டம் ஆகியவற்றின் மீதான ஆசையும் அதே ஏற்ற இறக்கத்தில்தான் போனது. காலையில் 2 இட்லியோடு எழுந்துவிட முடிவது மன உறுதியால் மட்டும் அல்ல. அந்த நேரத்தில் பசியே குறைவு. அதே உறுதியை மாலை 6 மணிக்கும் எதிர்பார்ப்பது தப்புக் கணக்கு.

இரண்டாவது, நம் சாப்பாட்டு இடைவெளி. மதியச் சாப்பாடு 1 மணி, இரவுச் சாப்பாடு 9 அல்லது 9.30 என்பது பெரும்பாலான வீடுகளின் வழக்கம். நடுவில் 8 மணி நேரம். மதியத் தட்டில் சாதம் முக்கால்வாசி, பருப்பு சாம்பாருக்குள் கரைந்த அளவு மட்டும் என்றால் 3 மணி நேரத்தில் வயிறு காலியான உணர்வு வந்துவிடும். டயட் இருப்பவர் சாதத்தைப் பாதியாக்குவார். குறைத்த இடத்தில் பருப்போ, முட்டையோ, தயிரோ கூட்டுவதில்லை.

மூன்றாவது தூக்கம். 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 11 பேரை 14 நாள் ஐந்தரை மணி நேரமும் இன்னொரு 14 நாள் எட்டரை மணி நேரமும் படுக்கையில் இருக்க வைத்தார்கள். குறைவாகத் தூங்கிய நாட்களில் அவர்கள் நொறுக்குத் தீனியிலிருந்து எடுத்துக்கொண்டது நாளொன்றுக்கு 220 கலோரி வாக்கில் கூடியது. வேளைச் சாப்பாடு பெரிதாக மாறவில்லை. சின்ன ஆய்வுதான். ஆனால் இரவு 12 மணி வரை விழித்திருக்கும் எவருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது.

இவற்றோடு பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. 4 மணிக்கு டீ வருகிறது, டீயோடு ஏதாவது வர வேண்டும். பசி இருக்கிறதோ இல்லையோ, கை தானாக நீளும்.

டீயில் தொடங்குவோம்

டீயையோ காபியையோ விடச் சொல்வது தேவையில்லாத கொடுமை. அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் போதும். 100 மில்லி பாலுக்கு ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 கிராம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. கலோரியாகப் பார்த்தால் நீலத்தில் சுமார் 58, ஆரஞ்சில் 87. ஒரு நாளில் 3 காபி குடிக்கும் வீட்டில் பாக்கெட் நிறத்தை மாற்றினாலே தலைக்கு 80 கலோரிக்கு மேல் குறையும். ருசி வித்தியாசம் நாலு நாளில் பழகிவிடும்.

சர்க்கரை ஒரு டீஸ்பூன் 5 கிராம், 20 கலோரி. கடையில் டீ மாஸ்டர் போடும் கரண்டி உங்கள் வீட்டு ஸ்பூன் அல்ல. சாதாரணமாக இரண்டு ஸ்பூனுக்குக் குறையாது. “சக்கரை கம்மியா” என்றால் மாஸ்டருக்கு மாஸ்டர் அளவு மாறும். “சக்கரை தனியா” என்று கேட்டு வாங்கி ஒரு ஸ்பூன் நீங்களே போட்டுக்கொள்வது உறுதியான வழி. நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு, வெல்லம் என்று மாற்றுவதால் எடைக் கணக்கில் ஒன்றும் நடக்காது: வெள்ளைச் சர்க்கரை 100 கிராமுக்கு 400 கலோரி, வெல்லம் ஏறக்குறைய 380.

பசியை அடக்க இன்னொரு காபி குடிப்பதும் பலர் செய்வது. காஃபின் பாதியாகக் குறையவே 5 மணி நேரம் போல ஆகும். 6 மணிக் காபியின் பாதி 11 மணிக்கும் ரத்தத்தில் ஓடும். தூக்கம் தள்ளிப்போகும், பிஸ்கட் டப்பா திறக்கும்.

எண்ணெய் எங்கே ஒளிந்திருக்கிறது

மிக்சர் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்து அட்டவணையைப் பாருங்கள். 100 கிராமில் கொழுப்பு 35 கிராம் அளவில் இருக்கும், கொஞ்சம் முன்னே பின்னே. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி. 35 கிராமுக்கு 315. மொத்தம் 540 என்றால், கலோரியில் பாதிக்கு மேல் எண்ணெய் மட்டுமே. காராச்சேவு, தட்டை, முறுக்கு, நேந்திரம் சிப்ஸ் எல்லாம் 100 கிராமுக்கு 500ஐ ஒட்டித்தான் நிற்கும். அட்டவணையில் ‘ஒரு பரிமாறலுக்கு’ என்று இன்னொரு வரிசை இருக்கும். அது பெரும்பாலும் 20 அல்லது 30 கிராமுக்கான எண். 200 கிராம் பாக்கெட்டை இருவர் முடித்தால் ஆளுக்கு 500 கலோரிக்கு மேல், அதாவது ஒரு வேளைச் சாப்பாடு. மூடிய கைப்பிடியில் கொள்வது 25 முதல் 30 கிராம். உங்கள் கை எவ்வளவு கொள்ளும் என்று சமையல் தராசில் ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுங்கள். அந்த எண் வாழ்நாள் முழுக்க உதவும்.

மசால் வடை ஒன்று 120 கலோரி, மெதுவடை 140, வாழைக்காய் பஜ்ஜி 100, கை நிறைய வரும் சமோசா 250 என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். கடைக்குக் கடை அளவு மாறும். அதைவிட, உறிஞ்சிய எண்ணெய் அதிகமாக மாறும். 68 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது 150 கலோரிக்குள். பூங்காவில் நடந்து முடித்துவிட்டு வாசலிலேயே 2 வடை சாப்பிடுபவர், இன்னும் 20 நிமிடமாவது நடக்கக் கடன்பட்டு வீடு திரும்புகிறார்.

நல்லது என்று நம்பி ஏமாறுபவை

கேழ்வரகு முறுக்கு, கம்பு மிக்சர், தினைச் சேவு: மாவு மாறியிருக்கிறது, எண்ணெய் மாறவில்லை. பொரித்த சிறுதானியமும் 100 கிராமுக்கு 500 கலோரிதான். டைஜஸ்டிவ் பிஸ்கட் ஒன்று 15 கிராம், 70 கலோரி. மேரி ஒன்று 25. எண்ணிக்கையில் குறைவாகச் சாப்பிட்டதாகத் தோன்றினாலும் 3 டைஜஸ்டிவ் 8 மேரிக்குச் சமம். டீயில் முக்கிச் சாப்பிடுவதால் மெல்லும் வேலையும் இல்லை, நிறைவும் இல்லை.

பாதாம், முந்திரி, வேர்க்கடலை நல்ல உணவுதான். ஆனால் 30 கிராம் வேர்க்கடலை 170 கலோரி. டப்பாவை மடியில் வைத்துக் கொறித்தால் 30 கிராம் மூன்று நிமிடம்கூட நிற்காது. ஓடோடு அவித்த கடலை இதற்கு நல்ல மருந்து: ஒவ்வொன்றாக உரிக்க வேண்டியிருப்பதால் கை தானாக மெதுவாகும்.

பழம் மட்டும் சாப்பிடுவது இன்னொரு வகைத் தோல்வி. 5 மணிக்கு ஓர் ஆப்பிள், 6 மணிக்குப் பழைய பசி, 6.30க்கு மிக்சர். பழத்தில் புரதம் இல்லை என்பதே காரணம். கொய்யாவுக்கு மட்டும் ஒரு சலுகை தரலாம். நார்ச்சத்து அதிகம், கடித்து மெல்ல நேரம் பிடிக்கும், விலையும் குறைவு. அதோடு ஒரு டம்ளர் மோரோ ஒரு முட்டையோ சேர்ந்தால் பசி 8 மணி வரை பொறுக்கும். ஜூஸ் கடைப் பக்கம் போக வேண்டாம். நார் சக்கையோடு போய்விடும், சர்க்கரை சேரும், பால் ஊற்றிய ஜூஸ் என்றால் 250 கலோரியைத் தொடும்.

சின்னத் தட்டில் போட்டால் தானாகக் குறைவாகச் சாப்பிடுவோம் என்ற அறிவுரையையும் நிறையக் கேட்டிருப்பீர்கள். இந்த வகை அறிவுரைகளைப் பிரபலமாக்கிய கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர் பிரையன் வான்சிங்கின் கட்டுரைகள் பல 2018 வாக்கில் திரும்பப் பெறப்பட்டன. தட்டின் விட்டத்தை நம்பி இருக்க வேண்டியதில்லை. டப்பாவிலிருந்து நேராகச் சாப்பிடாமல் அளந்து தட்டில் போட்டு, டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டு வந்து உட்காருவது வேறு விஷயம். அது அளவை நீங்களே முடிவு செய்வது. டிவியோ போனோ பார்த்துக்கொண்டு சாப்பிட்டால் அப்போதும் அளவு கூடுகிறது, அடுத்த வேளையிலும் கூடுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரியவந்தது. சாப்பிட்டது சரியாக மனதில் பதியாததுதான் காரணம் என்கிறார்கள்.

நான்காவது வேளை

மாலைத் தீனியைத் தடை செய்வதை விட்டுவிட்டு, அதை நான்காவது வேளையாக நேரம் குறித்து, அளவு குறித்துச் சாப்பாட்டுத் திட்டத்துக்குள் கொண்டுவருவதே நடைமுறையில் நிற்கிறது. அளவு 150 முதல் 200 கலோரி, டீ தனி. புரதம் 7 கிராமாவது இருக்க வேண்டும். நேரம் மதியச் சாப்பாட்டிலிருந்து மூன்றரை முதல் நான்கரை மணி நேரத்துக்குள், அதாவது 4.30 முதல் 5.30. கைகால் ஓய்ந்து வீடு வந்து 7 மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தால் அளவு கைமீறிவிடும்.

இதற்கான இடம் இரவுச் சாப்பாட்டிலிருந்து வர வேண்டும். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்: சுண்டலும் சாப்பிடுவார்கள், பழையபடி 3 சப்பாத்தியும் சாப்பிடுவார்கள். ஒரு மாதம் கழித்துச் “சுண்டல் சாப்பிட்டும் குறையல” என்பார்கள். மாலையில் 200 கூடினால் இரவில் ஒரு சப்பாத்தியும் அதன் எண்ணெயும் குருமாவில் பாதியும் போக வேண்டும்.

மேலே சொன்ன பெண்ணின் நாளைத் திருத்தி எழுதினால் இப்படி வரும். காபி 80. காலையில் 3 இட்லி, சாம்பார், ஓர் அவித்த முட்டை 335. மதியம் ஒன்றேகால் கப் சாதம், கெட்டியான பருப்பு, பொரியல், ஒரு சின்னக் கிண்ணம் தயிர் 485. மாலையில் ஒரு ஸ்பூன் சர்க்கரை டீயும் சுண்டலும் 280. இரவில் எண்ணெய் தொட்டும் தொடாமலும் சுட்ட 2 சப்பாத்தி, காய் போட்ட பருப்புக் கூட்டு 320. மொத்தம் 1,500, புரதம் 60 கிராமுக்குப் பக்கத்தில். பகலில் அதிகமாகச் சாப்பிட்டும் தினம் 300 கலோரி குறைகிறது. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி என்ற கணக்கில் மாதத்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். உடம்பு போகப்போகச் செலவைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் மூன்றாம் மாதத்தில் வேகம் தணியும். முட்டை சாப்பிடாதவர்கள் அந்த இடத்தில் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளப் பருப்பு நிறையப் போட்ட சாம்பாரையோ பச்சைப்பயறுக் கடைசலையோ வைத்துக்கொள்ளலாம்.

சுண்டல் செய்யும் விதம்

கறுப்புக் கொண்டைக்கடலைக்கு ஈடான மாலை உணவு நம் சமையலறையில் வேறு இல்லை என்றே சொல்லலாம். புரதம், நார்ச்சத்து, மெல்லும் வேலை மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. நான்கு பேருக்கு 200 மில்லி டம்ளரில் தலைதட்டி ஒரு டம்ளர், சுமார் 160 கிராம். ஆளுக்கு 40 கிராம் உலர் கடலை. வெந்ததும் 90 முதல் 100 கிராம் வரும்.

காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஊறப் போட்டால் மாலைக்கு ஆகும். 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில், கடலைக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கும்படி, உப்புப் போட்டுக் குக்கரில் மிதமான தீயில் 5, 6 விசில். ஆவி தானாக அடங்க விட வேண்டும். அவசரப்பட்டு விசிலைத் தூக்கினால் தோல் பிரிந்து உள்ளே அரை வேக்காடாக நிற்கும். அரை வேக்காட்டுக் கடலை வயிறு உப்பலையும் வாயுவையும் கூட்டும். விரலால் நசுக்கினால் மாவாக மசிய வேண்டும். நன்றாக வடியுங்கள். ஈரம் இருந்தால் தாளிப்பு ஒட்டாது, ருசிக்காக மேலும் எண்ணெய் விடத் தோன்றும்.

தாளிக்க நான்கு பேருக்கு 4 டீஸ்பூன் எண்ணெய். கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை, கடைசியில் 4 மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல். ஒருவர் பங்கில் எண்ணெய் 40 கலோரி, தேங்காய் 30, கடலை 135. மொத்தம் 200க்குச் சற்று மேல். அரை மூடித் தேங்காயைத் துருவிக் கொட்டி, குழிக்கரண்டியால் எண்ணெய் ஊற்றினால் அதே சுண்டல் 350 ஆகிவிடும். தேங்காயைக் குறைத்துவிட்டு மாங்காய்த் துண்டும் பச்சை மிளகாயும் எலுமிச்சையும் சேர்த்தால் கடற்கரைச் சுண்டலின் ருசி வரும், எண்ணெய் குறைந்தது தெரியாது.

வேக வைத்து வடித்த கடலை ஃபிரிட்ஜில் மூடி வைத்தால் 3 நாள் நிற்கும். அதனால் ஒரே தடவை இரண்டு மடங்கு வேக வைத்து, தாளிப்பை மட்டும் அன்றன்று செய்யலாம். ஊறப்போட மறந்த நாளில் பச்சைப்பயறு கைகொடுக்கும்: ஊறாமலே வேகும், 4 விசில் போதும். தினமும் சுண்டல் என்றால் இரண்டாவது வாரமே அலுத்துவிடும். அவித்த முட்டை 2, மிஞ்சிய தோசை மாவில் மொத்தமாக ஒரு ஸ்பூன் எண்ணெயில் சுட்ட 4 சின்னப் பணியாரத்தோடு ஒரு டம்ளர் மோர், 20 கிராம் பொரியில் வெங்காயம், தக்காளி, ஒரு கைப்பிடி வேர்க்கடலை கலந்த மசாலாப் பொரி என்று சுற்றில் விடலாம். பொரி மட்டும் தின்றால் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், அரை மணியில் காலியாகும். கடலை சேர்வது அதற்காகத்தான்.

அலுவலகத்தில் இருப்பவர்களுக்குச் சுண்டல் டப்பா எப்போதும் நடக்காது. மேசை இழுப்பறையில் பொட்டுக்கடலையோ தோலோடு வறுத்த உப்புக்கடலையோ 30 கிராம் பொட்டலங்களாகக் கட்டி வைத்துக்கொள்வது எளிது. ஒன்று 110 கலோரி, புரதம் 6 கிராம். மொத்தமாகக் கால் கிலோ வாங்கி வைத்தால் மொத்தமாகவே போகும். யாருக்காவது பிறந்தநாள் என்று சமோசாவும் கேக்கும் வந்தால் ஒன்றை எடுத்துக்கொண்டு, அன்றைய பொட்டலத்தைத் தொடாமல் விடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்குச் சிக்கல் வேறு. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குச் செய்வதில் ருசி பார்த்தது ஒன்று, அவர்கள் மிச்சம் வைத்தது ஒன்று, வீணாகப் போகிறதே என்று ஒன்று. இவை ஒவ்வொன்றும் 50, 60 கலோரி. எந்தக் கணக்கிலும் வராது. பிள்ளைகளுக்குப் பரிமாறும்போதே உங்கள் பங்கையும் தட்டில் எடுத்துக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் அடுப்படியில் நின்று கொறிப்பது பாதியாகக் குறையும். மிக்சர் டப்பா அடுப்பு மேடையில் இருக்கவே கூடாது. மேல் அலமாரியில், உள்ளே தெரியாத எவர்சில்வர் டப்பாவில் இருக்கட்டும்.

மழை நாளும் பஜ்ஜியும்

வருஷம் முழுக்கப் பஜ்ஜியே கிடையாது என்று சத்தியம் செய்பவர்கள் ஐப்பசி அடைமழையில் எட்டு பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, டயட்டையே கைவிடுவார்கள். வாரத்தில் ஒரு நாள், 2 பஜ்ஜி என்று வைத்துக்கொண்டு அதை நன்றாகச் சுட்டுச் சாப்பிடுவதே மேல்.

எண்ணெய் குறைவாக உறிஞ்ச வேண்டுமானால் சூடு முக்கியம். 170 முதல் 180 டிகிரி இருக்க வேண்டும். வீட்டில் தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் ஒரு சொட்டு மாவு விட்டுப் பாருங்கள். அடியில் தங்கி மெதுவாக மேலே வந்தால் சூடு போதாது, உடனே மேலே வந்து நுரைத்தால் சரி, வந்ததுமே கறுத்தால் அதிகம். சூடு குறைந்த எண்ணெயில் பஜ்ஜி நீண்ட நேரம் ஊறிக் கிடக்கும். ஒரே தடவையில் வாணலி நிறையப் போட்டாலும் சூடு சட்டென்று இறங்கும். மாவில் ஆப்பசோடா கூடினால் உள்ளே ஓட்டை ஓட்டையாகி எண்ணெய் புகுந்துகொள்ளும். கடலை மாவு ஒரு கப்புக்கு ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம், மொறுமொறுப்புக்கு இரண்டு ஸ்பூன் அரிசி மாவு போதும்.

எண்ணெயின் பெரும்பகுதி உள்ளே போவது வாணலியில் இருக்கும்போது அல்ல, வெளியே எடுத்த பிறகு. பொரியும்போது உள்ளிருந்து நீராவி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் நுழைய இடமில்லை. எடுத்து ஆறத் தொடங்கியதும் ஆவி குளிர்ந்து உள்ளே வெற்றிடம் உண்டாகும். மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை அது இழுத்துக்கொள்ளும். அதனால் அரிகரண்டியில் சில விநாடி வடியவிட்டு, சூடாக இருக்கும்போதே டிஷ்யூ காகிதத்தில் போட்டு இரண்டு பக்கமும் ஒற்றி எடுக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்து ஒற்றிப் பயனில்லை. செய்தித்தாளில் வைத்துப் பிழியும் கடை வழக்கம் வேண்டாம். அச்சு மையில் உள்ள ரசாயனங்கள் சூடான எண்ணெயில் ஏறும், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அதற்குத் தடை விதித்திருக்கிறது.

உங்கள் வீட்டுப் பஜ்ஜி எவ்வளவு குடிக்கிறது என்பதை அளந்தே பார்க்கலாம். வாணலியில் அரை லிட்டர் ஊற்றுகிறீர்கள், 16 பஜ்ஜி போட்டு ஆறிய பின் வடிகட்டி அளந்தால் 420 மில்லி இருக்கிறது என்று வையுங்கள். போன 80 மில்லியில் பஜ்ஜிக்கு 5 மில்லி, அதாவது எண்ணெய் மட்டும் 40 கலோரிக்கு மேல். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டியில் 2,000 கலோரி உண்பவருக்கு நாள் முழுவதற்குமான எண்ணெய் 27 கிராம் என்று இருக்கிறது. அது ஆறு பஜ்ஜியோடு தீர்ந்துவிடும்.

பஜ்ஜி சாப்பிட்ட நாளில் இரவு பட்டினி போட வேண்டாம். மறுநாள் மாலை அது வட்டியோடு திரும்பும். ரசம் சாதம் ஒரு கப், காய் ஒரு கப், மோர் என்று முடித்துக்கொண்டு மறுநாள் வழக்கம்போலத் தொடர்ந்தால் போதும்.

இரவு 9 மணிக்கு மேல்

5 மணிப் பசியும் 10 மணிப் பசியும் ஒன்றல்ல. முன்னது பெரும்பாலும் வயிற்றில் இருப்பது. பின்னதைச் சோதிக்க ஒரு கேள்வி உண்டு: இப்போது ஒரு கிண்ணம் தயிர் சாதம் கொடுத்தால் சாப்பிடுவேனா? “சாப்பிடுவேன்” என்றால் நிஜப் பசி; அன்றைய இரவுச் சாப்பாடு போதவில்லை என்று அர்த்தம். சர்க்கரை போடாத பால் 150 மில்லி குடித்துவிட்டு, நாளை இரவு பருப்பைக் கூட்டுங்கள். “தயிர் சாதம் வேண்டாம், முறுக்கு இருந்தால் தேவலை” என்றால் அது வாயின் அலுப்பு. பல் துலக்கிவிட்டு அடுப்படி விளக்கை அணைத்தால் கால் மணியில் போய்விடும். இரவுச் சாப்பாட்டை 9.30இலிருந்து 8 மணிக்கு நகர்த்த முடிந்தவர்கள் படுக்கையையும் முன்னால் நகர்த்த வேண்டும். 8 மணிக்குச் சாப்பிட்டு 12.30 வரை விழித்திருந்தால் ஐந்தாவது வேளை ஒன்று முளைக்கும்.

இரவில் தூக்கத்திலிருந்து எழுந்து வாரத்தில் இரண்டு மூன்று தடவையாவது சாப்பிடுபவர்களும், நாளின் உணவில் கால்வாசிக்கு மேல் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகே எடுத்துக்கொள்பவர்களும் இந்த உத்திகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1955லேயே விவரித்த இரவுநேர உண்ணல் பாதிப்பாக அது இருக்கலாம், சிகிச்சை இருக்கிறது.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் மாலை உணவைத் தாங்களாகவே குறைக்கவோ நேரம் மாற்றவோ கூடாது. மருந்து வேலை செய்யும் நேரத்தில் வயிறு காலியாக இருந்தால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்த்துக் கொட்டுவது, கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி வந்தால் அளந்து பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால், அல்லது அளக்க வழியில்லாவிட்டால், 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் எடைக் கணக்கு பார்க்கக் கூடாது. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் தினசரிச் சுண்டலைத் தொடங்கும் முன் கேட்டுக்கொள்வது நல்லது; பயறுகளில் புரதத்தோடு பொட்டாசியமும் அதிகம். மருத்துவரிடம் போகும்போது ஒரு வாரத்துக்கு மாலை 4 மணி முதல் படுக்கும் வரை சாப்பிட்டதை நேரத்தோடும் அளவோடும் எழுதி எடுத்துப் போங்கள். மாத்திரையைக் குறைப்பதா, நேரத்தை மாற்றுவதா என்று அதைப் பார்த்து அவரால் முடிவு செய்ய முடியும்.